வலைப்பூவில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கமும் கோயில் வரலாறு, மீன் சமையல், மாடித்தோட்டம், சிறுகதை என்று எழுதிவரும் தமிழ் வலைப்பூக்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகள் சிலதான். யாராவது "உங்க பிளாக் சரியாத் தெரியலையே" என்று சொன்னதும் புது டெம்ப்ளேட் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்பு; தீம் என்பதும் இதுதான்) தேடப் போகிறோம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கோளாறு ஒட்டிய எழுத்திலும் ஏற்றிய படத்திலும்தான் இருக்கும். டெம்ப்ளேட்டை மாற்றினால் அவையும் கூடவே வந்துவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலிலும், டெம்ப்ளேட்டில் கைவைப்பது கடைசியிலும் இருக்கிறது.

எதையும் தொடும் முன்

கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகர் என்றால் இரண்டு பேக்கப் எடுக்க வேண்டும். தீம் பக்கத்தில் 'கஸ்டமைஸ்' பொத்தானை ஒட்டியுள்ள அம்புக்குறியை அழுத்தினால் தீமுக்கான பேக்கப் கிடைக்கும். செட்டிங்ஸில் 'மேனேஜ் பிளாக்' பகுதியில் பதிவுகளுக்கான பேக்கப் கிடைக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மற்றொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ்ஸில் 'டூல்ஸ்', அதற்குள் 'எக்ஸ்போர்ட்'. இரண்டு தளங்களிலும் இப்படி இறங்கும் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பதற்கு உங்கள் கணினியை நம்ப வேண்டாம். அதில் படமும் எழுத்துருவும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும், எல்லாம் உடனே வரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, பழைய சேமிப்பை எடுக்காத குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். உங்கள் வாசகர் பார்ப்பது அதைத்தான்.

அறிகுறி 1: எழுத்தே சரியாக வரவில்லை

*ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிகிறது.* பழைய பாமினி, டேப், டாம் போன்ற எழுத்துருவில் அச்சகத்திலோ டிடிபி சென்டரிலோ தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். சிறுபத்திரிகைக் கட்டுரைகளையும் கோயில் மலர்களையும் வலையேற்றுபவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. யூனிகோடு மாற்றியில் (பழைய எழுத்துருவில் அடித்ததை எல்லாக் கருவியும் படிக்கும் தமிழாக்கும் இணையக் கருவி) போட்டு, மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்து மாற்றுங்கள். பாமினியில் அடித்ததை டேப் என்று தேர்ந்தால் குப்பை வேறு குப்பையாகும். மாற்றிய பிறகு எண்கள், மேற்கோள்குறிகள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். பிசகு அங்கேதான் தங்கும்.

*எழுத்துக்கு நடுவே புள்ளிவட்டம் வருகிறது.* பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தது. கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறது, ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் புள்ளிவட்டத்தைக் காட்டுகிறது. ஓரிரு பத்தி என்றால் திரும்பத் தட்டச்சு செய்வதே வேகம். பல பக்கம் என்றால் அந்தப் பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி 'கூகுள் டாக்ஸில் திற' என்று கொடுங்கள். படத்திலிருந்து படிப்பதுபோல் படித்துத் தரும். அப்படி வந்ததில் காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும்: 'பாடம்' என்பது 'பரடம்' ஆகும். ஒருமுறை முழுதாகப் படிக்காமல் வெளியிடக் கூடாது.

*ஒரு பதிவில் எழுத்து சின்னது, அடுத்ததில் பெரியது, நடுவில் ஒரு பத்தி மட்டும் வேறு நிறம்.* எம்எஸ் வேர்டிலிருந்தோ ஃபேஸ்புக்கிலிருந்தோ ஒட்டும்போது அங்கிருந்த அளவும் நிறமும் மறைவாகக் கூடவே வருகின்றன. தீமில் என்ன மாற்றினாலும் அந்தப் பத்தி அசையாது. 'டெம்ப்ளேட் வேலை செய்யவில்லை' என்று நினைப்பது இங்கேதான். பதிவைத் திறந்து முழுவதையும் தேர்ந்து 'கிளியர் ஃபார்மேட்டிங்' பொத்தானை அழுத்துங்கள். துணைத்தலைப்பும் இணைப்பும் சில நேரம் போய்விடும், திரும்பப் போட வேண்டும். இனிமேல் ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். இந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பராமரிப்பு வேலையைக் குறைக்கும்.

*மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்கின்றன.* ஆங்கிலத்துக்கு என்று செய்த தீம்களில் வரி உயரம் தலைப்புக்கு 1.1, உடலுக்கு (பத்திகளின் எழுத்துக்கு) 1.4 என்று இருக்கும். தமிழில் மேலே 'கீ', கீழே 'ழூ' என இரண்டு பக்கமும் எழுத்து நீளும். உடல் எழுத்துக்கு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.7, தலைப்புக்கு வரி உயரம் 1.35. எழுத்திடைவெளி, அதாவது லெட்டர் ஸ்பேசிங், கண்டிப்பாகச் சுழியம். அது இருந்தால் எழுத்துகள் விலகி நின்று சொல் சிதறியதுபோல் தெரியும். சாய்வெழுத்தையும் விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் பெரும்பாலும் இருப்பதில்லை, பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டுவது கண்ணை உறுத்தும். மேற்கோளுக்கு இடப்பக்கம் ஒரு கோடு போதும்.

எழுத்துரு வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். ஒன்றே ஒன்று, அதிலும் 400, 700 என்ற இரண்டு தடிமன் போதும். 400 மட்டும் எடுத்துவிட்டுத் தடித்த எழுத்து போட்டால் பிரவுசர் செயற்கையாகத் தடிமன் கூட்டி எழுத்தின் உள்ளே உள்ள வெற்றிடங்களை அடைத்துவிடும். தேர்ந்த எழுத்துருவை 'ஸ்ரீமுஷ்ணம்', 'திருப்பாதிரிப்புலியூர்', 'ஞொண்டி', 'றூ', 'க்ஷ' என்று தட்டிச் சோதியுங்கள். இவற்றில் உடையாத எழுத்துரு வேறு எதிலும் உடையாது.

*போனில் வரி வலப்பக்கம் வெளியே ஓடுகிறது, அல்லது சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை.* முதலாவதற்குக் காரணம் நீண்ட சொல், அகலமான அட்டவணை, அகலத்தை எண்ணால் குறிப்பிட்டு ஒட்டிய யூடியூப் வீடியோப் பெட்டி. அட்டவணையைப் பட்டியலாக மாற்றுங்கள். வீடியோவின் அகலத்தை 100 சதவீதம் என்று கொடுங்கள். இரண்டாவதற்குக் காரணம் வரியை இரு பக்கமும் சமமாக இழுக்கும் 'ஜஸ்டிஃபை'. புத்தகத்தில் அழகாக இருப்பது 360 பிக்சல் திரையில் இருக்காது, தமிழ்ச் சொல்லின் நீளம் அப்படி. இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள்.

*நிபுணர் வேண்டியது எப்போது:* நூற்றுக்கணக்கான பழைய பதிவுகள் பாமினியில் இருந்தால். எக்ஸ்போர்ட் கோப்பை மொத்தமாக மாற்றிக் கொடுக்க நிரல் தெரிந்தவர் வேண்டும்; கையால் செய்ய முயன்றால் வேலை பாதியில் நிற்கும்.

அறிகுறி 2: திறக்க நேரமாகிறது

முதலில் ஒரு கேள்வி: ஒரு பதிவு மட்டும் மெதுவா, எல்லாமே மெதுவா? கூகுளின் வேகச் சோதனைப் பக்கமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் பதிவின் முகவரியைக் கொடுத்து மொபைல் பகுதியைப் பாருங்கள். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் திரையில் வந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். மொத்த மதிப்பெண்ணை விட இந்த ஒரு எண்ணைக் கவனித்தால் போதும்.

*ஒரு பதிவு மட்டும் என்றால்* படம்தான். 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் படம் 4000 பிக்சல் அகலமும் 3 முதல் 5 எம்பி எடையும் இருக்கும். சில்வர் பீச்சில் எடுத்த பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் வாசகரின் டேட்டாவில் 40 எம்பி போகும். ஏற்றும் முன் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி அல்லது ஜேபெக் வடிவில் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். ஸ்குவூஷ் என்ற இணையக் கருவி இதை இலவசமாகச் செய்யும். பிளாகரில் படத்தைப் போட்டபின் அளவு கேட்கும்போது 'ஒரிஜினல்' வேண்டாம், 'லார்ஜ்' அல்லது 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' போதும். செட்டிங்ஸில் பதிவுகள் பகுதியில் 'லேசி லோட்', 'வெப்பி' என்ற இரண்டு பொத்தான்களும் உள்ளன, இரண்டையும் இயக்குங்கள்.

*முகப்பு மட்டும் என்றால்* பதிவுகள் முழுநீளமாக அங்கே கொட்டிக்கிடக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் இரண்டாம் பத்திக்குப் பிறகு, மீதியை முகப்பில் மறைக்கும் 'ஜம்ப் பிரேக்' வையுங்கள்; முகப்பில் ஐந்து முதல் ஏழு பதிவு போதும். பத்து என்று அமைத்தும் மூன்றுதான் வருகிறது என்றால், பக்கத்தின் எடை வரம்பை மீறியதால் பிளாகரே வெட்டுகிறது. வேர்டிலிருந்து படத்தோடு சேர்த்து ஒட்டிய பதிவு ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கும். கண்டுபிடித்துப் படத்தை நீக்கித் தனியாக ஏற்றுங்கள்.

*எல்லாப் பக்கமும் என்றால்* பக்கப்பட்டைதான். பழைய திரட்டிகளின் (பல வலைப்பூக்களின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தளங்களின்) வாக்குப்பட்டை, ஃபிளாஷ் கடிகாரம், கூகுள் பிளஸ் பொத்தான், ஃபீட்பர்னர் மின்னஞ்சல் பெட்டி: இவற்றில் பல செத்துவிட்டன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது, ஃபிளாஷ் 2020 முடிவோடு போனது, ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021-இல் நின்றது. ஆனால் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் பிரவுசர் அந்த முகவரிகளைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. தளவமைப்பில் போய் இப்படிச் சேர்த்த சிறு பெட்டிகளான விட்ஜெட்களை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் நீக்கினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். பனி கொட்டும் நிரல், தானாகப் பாடும் பாட்டு, வலச்சொடுக்கைத் தடுக்கும் நிரல் மூன்றையும் யோசிக்காமல் எடுத்துவிடலாம். கடைசியாகச் சொன்னது திருட்டைத் தடுப்பதில்லை. நல்ல வரியொன்றை நண்பருக்கு அனுப்ப நினைக்கும் வாசகரைத்தான் தடுக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மெதுவாகத்தான் வருகிறது என்றால் தீம் கனமானது. பிளாகரின் சொந்த தீம்களில் ஒன்றை வேறொரு சோதனை வலைப்பூவில் போட்டு ஒப்பிட்டபின் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் இதே நிலை என்றால் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) மாற்றம் வரை போகும். அது காசும் ஆளும் தேவைப்படும் வேலை.

அறிகுறி 3: கணினியில் அழகு, போனில் வேறு யாருடைய தளமோ போல்

முகவரியின் வாலில் 'எம்=1' (m=1) என்று தெரிகிறதா? பிளாகர் தன் பழைய மொபைல் டெம்ப்ளேட்டைக் காட்டுகிறது. தீம் பக்கத்து அம்புக்குறியில் 'மொபைல் செட்டிங்ஸ்' திறந்து 'டெஸ்க்டாப்' என்பதைத் தேருங்கள். தீம் தானாகச் சுருங்கக்கூடியது என்றால் அதோடு சரியாகிவிடும். எழுத்து எறும்புபோல் சுருங்கித் தெரிந்தால் அந்தத் தீமில், பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு அமைக்கச் சொல்லும் 'வியூபோர்ட்' என்ற வரி இல்லை. அது போனுக்கு முந்தைய காலத்துத் தீம்; ஒட்டுப்போடுவதை விட மாற்றுவதே மேல்.

அறிகுறி 4: வருகிறார்கள், இரண்டு பத்தியில் போய்விடுகிறார்கள்

வடிவமைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடம்தான். இங்கே நிதானமாகப் பாருங்கள்.

*தலைப்பும் முதல் திரையும்.* போனில் பதிவைத் திறந்ததும், விரலால் தள்ளாமல், எத்தனை வரி உங்கள் எழுத்து தெரிகிறது? பேனர், மெனு, விளம்பரம், பெரிய படம் என்று திரை நிறைந்து எழுத்தே தெரியவில்லை என்றால் அதுதான் முதல் காரணம். பேனரின் உயரத்தைப் பாதியாக்குங்கள். தலைப்பு 24 பிக்சல், இரண்டு வரிக்குள். தலைப்பு உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்: 'ஒரு ஞாயிறும் சில அலைகளும்' என்பது கதைக்குச் சரி. பயணக் குறிப்புக்கு 'கடலூரிலிருந்து பிச்சாவரம்: எந்த பஸ், எந்த மாதம், எவ்வளவு நேரம்' என்று இருந்தால்தான் தேடி வந்தவர் நிற்பார். அவர் கேட்டு வந்த பதில் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். சமையல் குறிப்பில் அளவுப் பட்டியல் மேலே. வஞ்சிர மீனைப் பற்றிய நினைவுகள் அதற்குக் கீழே.

*நிறம்.* பிரெஞ்சுக் குடியிருப்புச் சுவர்களின் மஞ்சள் எல்லோருக்கும் பிடிக்கும். புதுச்சேரி வலைப்பூக்களில் அது இணைப்புகளுக்கும் துணைத்தலைப்புகளுக்கும் வந்துவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தின் வேறுபாடு ஒன்றரை மடங்குதான் தேறும். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கும் பெரிய தலைப்புக்கு 3 மடங்கும் வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற விதி. கான்ட்ராஸ்ட் செக்கர் என்று தேடினால் இலவசக் கருவிகள் கிடைக்கும். இரண்டு நிறத்தையும் கொடுத்தால் மடங்கைச் சொல்லும். மஞ்சளைப் பட்டையாகவோ பொத்தானின் பின்னணியாகவோ வைத்து அதன்மேல் கருப்பு எழுத்து போடுங்கள். அதுவே அழகு. வெளிறிய சாம்பல் எழுத்துக்கும் இதே பிரச்சினை. கருவி இல்லாமல் சோதிக்க வேண்டுமென்றால் கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் பகல் பதினொரு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

*பத்தி.* கணினியில் நான்கு வரி என்பது போனில் பன்னிரண்டு வரி. மூன்று முதல் ஐந்து வாக்கியத்தில் பத்தியை முறியுங்கள். நீண்ட பதிவில் இரண்டு மூன்று திரைக்கு ஒரு துணைத்தலைப்பு. அதைத் தடித்த எழுத்தாக மட்டும் போடாமல் 'ஹெட்டிங்' என்றே தேர்ந்து போடுங்கள். கணினியில் எழுத்துப் பகுதியின் அகலம் 700 பிக்சலைத் தாண்ட வேண்டாம்.

*தேதி.* சில தீம்கள் பதிவின் தேதியைக் காட்டுவதில்லை. 'நேற்று அடித்த புயலில் முந்திரித் தோப்பெல்லாம் போயிற்று' என்று ஒரு பதிவு தொடங்குகிறது. அது 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலா, வேறொன்றா? தெரியாத வாசகர் அதை நம்பவும் மாட்டார், மேற்கொண்டு படிக்கவும் மாட்டார். தேதியைத் தலைப்புக்குக் கீழே காட்டுங்கள்; திருத்தினால் திருத்திய நாளையும் எழுதுங்கள்.

*விளம்பரம்.* கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018-இல் தமிழுக்கு வந்தது. அதில் 'ஆட்டோ ஆட்ஸ்' இயக்கியிருந்தால் விளம்பரம் பத்திக்குப் பத்தி நுழைந்து, படிக்கும் வரியைக் கீழே தள்ளும். அதை அணைத்துவிட்டு முதல் துணைத்தலைப்புக்குப் பின் ஒன்று, முடிவில் ஒன்று என்று கையால் வையுங்கள்.

*ஒரு பதிவோடு கிளம்பிவிடுகிறார்கள் என்றால்* பதிவுகளை வகைப்படுத்தும் லேபிள்களைப் பாருங்கள். நாற்பது லேபிள், ஒவ்வொன்றிலும் ஒரு பதிவு என்றால் யாருக்கும் பயனில்லை. ஐந்து முதல் எட்டு லேபிளாகச் சுருக்கி மெனுவில் வையுங்கள். பதிவின் முடிவில் தொடர்புள்ள இரண்டு பதிவுகளின் இணைப்பை நீங்களே கையால் கொடுங்கள். அரிக்கமேடு பற்றிப் படித்தவருக்கு அடுத்து என்ன பிடிக்கும் என்பது எந்த விட்ஜெட்டையும் விட உங்களுக்குத் தெரியும்.

இங்கே வடிவமைப்பாளரிடம் போக வேண்டிய தேவை, மேற்சொன்னவற்றைச் செய்தபின் தனி லோகோவோ தனித்த தோற்றமோ வேண்டும் என்றால் மட்டும்.

அறிகுறி 5: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் வரவில்லை, அல்லது தவறான படம்

பதிவில் முதலில் உள்ள படத்தைத்தான் பெரும்பாலான தீம்கள் எடுத்துக் கொடுக்கும். முதலில் பூக்கோடோ லோகோவோ இருந்தால் அதுதான் போகும். நல்ல படம் ஒன்றை, 1200-க்கு 630 பிக்சலில், 300 கேபிக்குள், முதலாவதாக வையுங்கள். விளக்க வரி வரவில்லை என்றால் செட்டிங்ஸில் 'மெட்டா டேக்ஸ்' பகுதியில் தேடல் விளக்கத்தை இயக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். திருத்தியும் பழையதே வருகிறது என்றால் அது சேமித்து வைத்தது. முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியும் 1-உம் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். ஃபேஸ்புக்குக்கு அதன் 'ஷேரிங் டீபக்கர்' பக்கத்தில் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

முகவரியே முழம் நீளத்துக்குச் சதவீதக்குறியும் எண்ணுமாகப் போகிறதா? வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்குவதால் வருவது. பிளாகர் இதற்கு நேர்மாறு: தமிழை நீக்கிவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்று எண் சேர்த்துவிடும். இரண்டிலும் வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் பெட்டியில் மூன்று நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால் பழைய இணைப்புகள் உடையும். பிளாகரில் 'கஸ்டம் ரீடைரெக்ட்ஸ்' மூலம் பழையதைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் தானாகத் திருப்பும்.

அறிகுறி 6: தேடினால் வருவதில்லை

*வலைப்பூவே வரவில்லை.* செட்டிங்ஸில் தேடுபொறிக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் இயங்குகிறதா? வேர்ட்பிரஸ்ஸில் 'டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுங்கள். யூடியூப் பார்த்து, தேடுபொறி எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் 'கஸ்டம் ரோபோட்ஸ்' அமைப்புகளில் கைவைத்திருந்தால் அவற்றை அணையுங்கள். பிறகு தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (பக்கங்களின் பட்டியல் கோப்பை) கொடுத்து, பதிவின் முகவரியைச் சோதியுங்கள்; என்ன தடை என்று அதுவே சொல்லும்.

*சில பதிவுகள் மட்டும் வரவில்லை.* ஊர்ப்பெயரைப் பாருங்கள். நீங்கள் 'புதுவை' என்று எழுதுகிறீர்கள், தேடுபவர் 'பாண்டிச்சேரி' என்றோ 'பாண்டி' என்றோ தட்டுகிறார். 'கடலூர் முதுநகர்' என்பதை 'ஓ.டி.' (ஓல்டு டவுன்) என்றே பலர் அறிவார்கள். தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் மற்றொன்று என்று இயல்பாக வரட்டும். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் சாமிகளைப் பற்றி ஆண்டுக்கொரு பதிவு போடுவதை விட, ஒரே பதிவை ஆண்டுதோறும் புதுப்பித்தால் அது மேலே வர வாய்ப்பு அதிகம்.

*எழுதியது உறுதி, ஆனால் உங்கள் தேடல் பெட்டியிலேயே சிக்கவில்லை.* கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள் உள்ளன. 'ஔவையார்' என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து அடித்திருப்பீர்கள். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு விழுந்திருக்கும். 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு வகையில் உருவாக்கலாம். உங்கள் போன் ஒன்றையும் கணினி மற்றொன்றையும் உருவாக்கியிருந்தால் 'ஸ்ரீமுஷ்ணம்' பாதிப் பதிவுகளில் மட்டும் அகப்படும். பதிவிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கிடைத்து, தட்டினால் கிடைக்காவிட்டால் இதுதான் காரணம். ஒரே விசைப்பலகை முறைக்கு மாறி, அந்தச் சொற்களைத் திரும்பத் தட்டுங்கள்.

அறிகுறி 7: தளமே திறக்கவில்லை, அல்லது வேறெங்கோ போகிறது

சொந்த டொமைன் (நீங்களே காசு கொடுத்து வாங்கிய தள முகவரி) என்றால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். புதுப்பித்தல் அஞ்சல் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். அடுத்தது 'பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை: பிளாகரில் எச்டிடிபிஎஸ் (HTTPS) என்று உள்ள இரண்டு பொத்தான்களையும் இயக்கிச் சில மணி நேரம் பொறுங்கள். போனில் திறந்தால் சூதாட்டத் தளத்துக்கு இழுத்துப் போகிறது என்றால், பிளாகரில் இலவசமாக இறக்கிய தீமோ ஒரு விட்ஜெட்டோ காரணம். பேக்கப் எடுத்த பழைய தீமுக்குத் திரும்புங்கள். வேர்ட்பிரஸ்ஸில் இது நடந்தால் நீங்களாகத் தோண்ட வேண்டாம். கடவுச்சொற்களை மாற்றிவிட்டு அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். தாமதித்தால் கூகுள் 'ஆபத்தான தளம்' என்று எச்சரிக்கும் சிவப்புத் திரை போட்டுவிடும்.

ஆளைக் கூப்பிடும்போது உங்கள் கூகுள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பிளாகரில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் வழியாக அவருடைய மின்னஞ்சலை நிர்வாகியாகச் சேர்க்கலாம், வேர்ட்பிரஸ்ஸில் தனிப் பயனர் உருவாக்கலாம். வேலை முடிந்த அன்றே நீக்கிவிடலாம். டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எந்த போன், எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது என்று எழுதி, திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள். அவர் மாற்றிய தீம் கோப்பின் நகலையும், என்னென்ன மாற்றினார் என்ற பட்டியலையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.